பெரியவரை தினமும் அழ வெக்கிறது யாரு?

“எங்கப்பாவை யாரோ தினமும் அழ வெக்கிறாங்க மேடம். யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க.”

போன்ல அந்தப் பொண்ணு எடுத்த எடுப்புல இப்படிச் சொன்னதும், லென்ஸம்மா சாய்ஞ்சு உக்காந்திருந்தவ நிமிர்ந்துட்டா. அவளும் எத்தனையோ கேஸ் பாத்தவதான். ஓடிப்போன புருஷனைத் தேடிப் பிடிச்சு வாசல்ல கொண்டு வந்து நிறுத்தினா, ‘ஐயோ, இந்த மனுஷன் இல்லாம நிம்மதியா இருந்தேனே’ன்னு கதவைச் சாத்தின பொண்டாட்டியை எல்லாம் பாத்திருக்கா. ஆனா, அழ வெக்கிறவனைப் பிடிச்சுக் குடுன்னு இதுவரைக்கும் யாரும் வந்ததில்ல.

லென்ஸம்மாங்கிறது பெத்தவங்க வெச்ச பேரா என்ன! முன்னாடி ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல இருந்தா. எரிஞ்ச கடை தானா எரிஞ்சுதா, யாராவது கொளுத்தினாங்களான்னு பாத்துச் சொல்ற வேலை. கழுத்துல ஒரு பெரிய லென்ஸை மாட்டிக்கிட்டு எப்பப் பாரு சாம்பலைக் கிளறிட்டே இருப்பா. அந்த வேலையை விட்டுட்டு சொந்தமா துப்பறியற ஆபீஸ் போட்டப்போ, அங்கேர்ந்து கூடவே வந்தது ரெண்டு. ஒண்ணு லென்ஸ். இன்னொண்ணு ஒட்டடை.

ஒட்டடைன்னா அவளோட உதவியாளு. அங்க கார் ஓட்டிட்டு இருந்தவன். ஒட்டடைக்குச்சி மாதிரி ஒசரம், அதே அளவு ஒடம்பு. வாய் மட்டும் ஆளை விடப் பெருசு. வீட்ல பொண்டாட்டி, ரெண்டு புள்ளைங்க, மாமியார். அவன் போன் எப்பவும் யாராவது திட்டறதுக்காக அடிச்சுக்கிட்டே இருக்கும். அவன் சலிச்சுக்குவான். லென்ஸம்மாவுக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். ஏன்னா சாயங்காலம் அவன் கிளம்பிப் போனப்புறம், மறுநாள் காலைல அவன் வர்ற வரைக்கும் அவ வாயைத் திறக்கவே வேண்டியதில்ல. பல்லு தேய்க்கறதுக்குத்தான் திறப்பா. ஆபீஸுக்குப் பின்னாடி இருக்கிற அறைதான் அவ வீடு. அங்க இவ சாவி போட்டுத் திறந்தா, “வந்துட்டியா?”ன்னு கேக்க ஒரு நாதி கிடையாது.

அது கிடக்கட்டும். போன்ல அந்தப் பொண்ணு சொன்ன கதைக்கு வருவோம்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவர். அம்மா தவறிப் போய் கொஞ்ச மாசம் ஆச்சு. மக வேலை பாக்கிறது தூரத்து ஊர்ல. மொதல்ல அப்பா நல்லாத்தான் இருந்தாராம். இப்போ கொஞ்ச நாளா தினமும் காலைல ஜன்னல்கிட்ட நின்னு பொலபொலன்னு அழறார்னு எதிர்வீட்டுக்காரங்க சொல்றாங்க. வீடியோ கால்ல பாத்தா கண்ணு ரெண்டும் ரத்தச் சிவப்பு. தூக்கமில்ல. சாப்பாடு மண்ணு மாதிரி இருக்குன்னு தட்டைத் தள்ளிடறார்.

“யாரோ வந்து ஏதோ சொல்லிட்டுப் போறாங்க மேடம். இல்லேன்னா எங்கப்பா அழற ஆளே கிடையாது. அம்மா போன அன்னிக்கே அழல. ஞாயித்துக்கிழமை நான் வர்றேன். அதுக்குள்ள யாருன்னு தெரிஞ்சா சரி. இல்லேன்னா வீட்டைப் பூட்டி சாவியை புரோக்கர்கிட்ட குடுத்துட்டு, அவரை என்கூட கூட்டிட்டுப் போயிடுவேன்.”

“அவர் வர்றேன்னு சொல்றாரா?”

“இந்த வீட்டை விட்டா செத்துடுவேங்கிறார். இருக்கிற இருப்பைப் பாத்தா, அங்கேயே இருந்தாலும் செத்துடுவார் போல இருக்கு மேடம்.”

வெள்ளிக்கிழமை விடிஞ்சும் விடியாததுமா ஒட்டடை காரைக் கொண்டு போய் அந்த வீட்டு சுத்துச்சுவரை ஒட்டி நிறுத்தினான். அந்த இடத்துல வீட்டு ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு அலங்காரச் செடி, ஆளுயரத்துக்கும் மேல காடு மாதிரி வளந்து சுவருக்கு வெளிய சரிஞ்சு நின்னுச்சு. சின்னச் சின்னதா பளபளன்னு இலை. கிளை நுனியெல்லாம் வெள்ளை வெள்ளையா கொத்துப் பூ. வாசனை மூக்கை அடைச்சுது. ஒளிஞ்சு பாக்க இதை விட்டா தோதான இடம் ஏது?

“மேடம், எனக்கென்னவோ இது காதல் விவகாரம்னு தோணுது. காலைல ஜன்னல்கிட்ட நின்னா வேற என்ன?”

“எழுபதைத் தாண்டினவர்டா.”

“லிஃப்ட் மெக்கானிக் மேடம். அவங்களுக்கு எந்த மாடியும் கஷ்டமில்ல.”

“வாயை மூடிட்டு ஜன்னலைப் பாரு.”

ஜன்னல் திறந்துச்சு. பெரியவர் வந்து நின்னார். சவரம் பண்ணாத மொகம், கசங்கின சட்டை. தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல. யாரும் வரல, யாரும் கூப்பிடல. போன்கூட கையில இல்ல. மனுஷன் அந்தப் பூவையே பாத்துட்டு நின்னார். பாத்துட்டு இருக்கும்போதே கண்ணு நெறைஞ்சு வழிய ஆரம்பிச்சுது. உள்ளங்கையால மூக்கை மேல தள்ளித் தள்ளித் துடைச்சார். நடுவுல நாக்கை மேலண்ணத்துல ஒட்டி ‘க்ளக், க்ளக்’னு ஒரு சத்தம்.

“பல்லிக்கு பதில் சொல்றாரா?”ன்னான் ஒட்டடை.

லென்ஸம்மா கண்ணு ஜன்னலை விட்டு நகரல. பெரியவர் ஒரு பொம்பளை சால்வையை எடுத்து, ஜன்னல் வழியா கையை நீட்டி, வெயில் படறாப்ல அந்தச் செடி மேல விரிச்சுப் போட்டதைப் பாத்துட்டு இருந்தா. எவ்வளவு பதமா போட்டார்ங்கிறீங்க! தூங்கற புள்ளைக்குப் போத்தி விடற மாதிரி.

“யாரும் வரலையே மேடம். கேஸு புஸ்ஸா?”

“அழ வெக்கிற ஆளு வந்தாச்சு. நமக்குத்தான் தெரியல. இறங்கு.”

காரை விட்டு இறங்கும்போதுதான் கவனிச்சா. கழுவிக் கொண்டு வந்த கார். கண்ணாடி மேல இப்போ மஞ்சளா மாவு தூவின மாதிரி ஒரு படலம். ஒட்டடை அதுல விரலால பொண்டாட்டி பேரை எழுதிட்டு, எதுக்கு வம்புன்னு மாமியார் பேரையும் சேத்து எழுதிட்டிருந்தான். லென்ஸம்மா அந்தத் தூளை விரல்ல தொட்டு லென்ஸ்ல ஒரு பார்வை பாத்தா. போய் பெல்லை அடிச்சா.

மக அனுப்பிச்ச ஆளுங்கன்னு தெரிஞ்சதும் பெரியவருக்குச் சுருக்குன்னு கோவம் வந்துடுச்சு. ஆனாலும் உள்ள கூப்பிட்டு, ஹால்ல பொண்டாட்டியோட பெரிய போட்டோவுக்கு எதிர்ல உக்கார வெச்சார்.

“என் வீட்ல நான் அழறதுக்கு யாரைக் கேக்கணும்? இதுக்கு லைசென்ஸ் எடுக்கணுமா?”

“அப்படி இல்லீங்கய்யா. உங்க பொண்ணு பயப்படறாங்க.”

“பயப்படட்டும். அவங்கம்மா போன அன்னிக்கு இந்த ஹால் நெறைய ஆளு. எல்லாரும் அழுதாங்க. எனக்கு ஒரு சொட்டு வரல. நடு மாடியில கரண்டு போன லிஃப்ட் மாதிரி அப்படியே நின்னுட்டேன். மச்சினன் பொண்டாட்டி என் காது படவே சொன்னா, ‘கல்லு, கல்லு’ன்னு.” பெரியவர் மூக்கை உறிஞ்சினார். “இத்தனை மாசம் கழிச்சு இப்பத்தான் அழுகை வந்திருக்கு. அவ செடி பூத்துச்சு, எனக்கும் வந்துச்சு. அதைப் போய் நிறுத்த ஆளு அனுப்பறாளா என் பொண்ணு?”

ஒருத்தர் தன்னோட கண்ணீரை இப்படிப் பொத்திப் பொத்தி வெச்சுக்கிறதை லென்ஸம்மா பாத்ததில்ல. தனக்குன்னு அழ யாராவது இருப்பாங்களான்னு ஒரு நெனப்பு வந்துச்சு. அதைத் தள்ளி விட்டா.

பெரியவர் பொண்டாட்டியைப் பத்தி ஆரம்பிச்சவர் நிறுத்தல. பிடிவாதக்காரியாம். துணி காயப் போடற கொடியை வெயிலே படாத பின்பக்கம்தான் கட்டுவாளாம். முன்பக்கம் வெயில் சும்மா கிடக்குமாம். காலைல இந்தப் பக்கத்து ஜன்னலைத் திறக்க விட மாட்டாளாம். கட்டில்ல ஜன்னலோரம் அவளுக்குத்தானாம். குறை சொல்ற மாதிரி சொன்னாலும், ஒவ்வொண்ணையும் வெல்லக்கட்டி மாதிரி வாயில வெச்சு வெச்சுச் சொன்னார்.

“இப்போ ஜன்னலோரம் யாரு படுக்கறது?”

“நான்தான். அவ எடத்துல. அவ சால்வையைத் தலைக்கு வெச்சு.”

“செடி மேல காயப் போட்டீங்களே, அதுவா?”

“ஆமா. வெயில்ல காய்ஞ்சா கதகதப்பா இருக்கு. ஆளு பக்கத்துல இருக்கிற மாதிரி.”

லென்ஸம்மா கொஞ்ச நேரம் அவர் மொகத்தையே பாத்தா. “ஐயா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. நடுவுல ஒரு நாள் மழை கொட்டுச்சே. அன்னிக்கு அழுதீங்களா?”

பெரியவர் யோசிச்சார். “அன்னிக்கு… வரல.”

“மழைக்கு லீவு விடற துக்கத்தை இப்பத்தான் கேள்விப்படறேன்”னான் ஒட்டடை. லென்ஸம்மா மேஜைக்குக் கீழ அவன் காலை ஒரு மிதி மிதிச்சா.

“இன்னொண்ணு. இவ்வளவு நேரமா அவங்களைப் பத்தியேதான் பேசிட்டிருக்கோம். எதிர்ல அவங்க போட்டோ. ஆனா உள்ள வந்தப்போ வழிஞ்ச கண்ணு, இப்போ அடங்கிட்டு வருது பாருங்க. துக்கத்துக்கு போட்டோ எங்க மாட்டியிருக்குன்னு தெரியாதா? அது ஏன் ஜன்னலையே தேடிப் போகுது? கண்ணும் மேலண்ணமும் அரிக்குதா?”

பெரியவர் மொகம் இறுகிடுச்சு. “அரிக்கத்தான் செய்யுது. அதுக்கென்ன? நாள்பூரா அழுதா அரிக்காதா?”

“இன்னிக்கு ஒரே ஒரு நாள் நான் சொல்றபடி செய்யுங்க. அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திடுங்க. சால்வையைத் துவைச்சு உள்ளயே காயப் போடுங்க. தலையணை உறையை மாத்துங்க. தலைக்குக் குளிச்சுட்டு, உங்க பழைய எடத்துல படுங்க.”

“செஞ்சாலும் வரும். என் பொண்டாட்டி என்ன ஜன்னல் வழியாவா வர்றா?”

“வந்துச்சுன்னா உங்க மககிட்ட நானே சொல்றேன், உங்கப்பாவைத் தொந்தரவு பண்ணாதீங்கன்னு.”

வெளிய வந்ததும் ஒட்டடை காலைத் தடவிக்கிட்டே கேட்டான். “அப்போ குற்றவாளி?”

“நீ அதும் மேலதான் காரை ஒரசிக்கிட்டு நிறுத்தியிருக்க.”

அவன் செடியை மேலயும் கீழயும் பாத்தான். “தப்பிச்சு ஓடாத குற்றவாளி. நம்ம சர்வீஸ்லயே இவ்ளோ நல்ல ஆளை நான் பாத்ததில்ல மேடம்.”

சனிக்கிழமை காலைல பெரியவரே கதவைத் திறந்தார். கண்ணு வெள்ளை வெளேர்னு ஆகிடலை, ஆனா செவப்பு பாதிக்கு மேல வடிஞ்சிருந்துச்சு. தூங்கி எழுந்த மொகம். வேற யாரா இருந்தாலும் கையைப் பிடிச்சு நன்றி சொல்லியிருப்பாங்க. அவர் நின்ன நிலை, வீட்ல திருடு போனவன் நிக்கிற மாதிரி இருந்துச்சு.

“வரலம்மா.”

லென்ஸம்மா திறந்த கதவு வழியா உள்ள எட்டிப் பாத்தா. ஜன்னல் சாத்தியிருந்துச்சு.

“அவ போட்டோ முன்னாடி போய் நின்னேன். பழசையெல்லாம் நெனைச்சுப் பாத்தேன். ஒரு சொட்டு வரல. அப்போ இவ்வளவு நாளா நான் அவளுக்காக அழவே இல்லையா? வெறும் தும்மலா அது? மச்சினன் பொண்டாட்டி சொன்னது சரிதான். கல்லுதான் நான்.”

கேஸ் முடிஞ்சா ஒட்டடை ஒரு விசிலடிப்பான். அது வழக்கம். அன்னிக்கு அவன் செருப்பைப் பாத்துட்டு நின்னான்.

அலர்ஜி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. செடியோட ஒரு கொத்தைப் பையில போட்டு வாயை இறுக்கிக் கட்டி எடுத்துட்டுப் போயிருந்தா லென்ஸம்மா. டாக்டரம்மா அதைப் பாத்ததுமே, “ஓ, இந்த ஆளா!”ன்னு சிரிச்சா. பெரியவரோட முன்கையில சொட்டுச் சொட்டா மருந்து வெச்சு லேசா குத்தினா. கொஞ்ச நேரத்துல ஒரு எடம் மட்டும் கொசு கடிச்ச மாதிரி தடிச்சு செவந்துச்சு.

“வேலிக்குன்னு ஆசையா நட்டுடறாங்க. பூத்தா மகரந்தம் பறக்கும். காய்ஞ்ச காலைல, காத்தடிச்சா ரொம்ப ஜாஸ்தி. மழை பெஞ்சா படிஞ்சுடும்”னு டாக்டரம்மா சொல்லிக்கிட்டே மாத்திரையும் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் எழுதினா. “காலைல அந்தப் பக்கம் ஜன்னல் வேண்டாம். வெளிய போய்ட்டு வந்தா மொகம் கழுவி சட்டையை மாத்துங்க. துணி எதையும் அங்க காயப் போடாதீங்க. கண்ணைக் கசக்கவே கூடாது. எப்பவாவது மூச்சு இழுத்தாலோ நெஞ்சு இறுகினாலோ, யோசிக்காம ஓடி வாங்க.”

“செடியை வெட்டி எறியணுமா?” பெரியவர் குரல் உள்ள போயிடுச்சு.

“எறிஞ்சா நல்லதுதான். மனசு வரலேன்னா, வேற யாரையாவது விட்டு, மொட்டு வந்ததுமே நறுக்கிடச் சொல்லுங்க. செடி இருக்கட்டும். பூக்க மட்டும் விடாதீங்க.”

பெரியவருக்குப் பொத்துக்கிட்டு வந்துச்சு கோவம். “என் பொண்டாட்டி பண்ணின அதே அக்கிரமத்தை நீங்களும் சொல்றீங்களே! பாவம், அந்தச் செடியை அவ ஒரு நாள் பூக்க விட்டதில்ல. போனப்புறமாவது பூக்கட்டும்னுதான் நான் ஒருத்தரையும் கத்திரியைத் தொட விடல.”

லென்ஸம்மா நின்ன எடத்துலயே நின்னா.

அன்னிக்கு சாயங்காலம் ஒட்டடை வீட்டுக்குப் போனப்புறம் அவ ரொட்டியைப் பிச்சு வாயில போட்டபடி அறையில உக்காந்திருந்தா. வெயில் படாத கொடி. சாத்தின ஜன்னல். கட்டிலோரம். பூக்காத செடி. தனித்தனியா பாத்தா ஒரு பிடிவாதக்காரி. எல்லாத்தையும் சேத்துப் பாத்தா? இதைச் சொல்லிக் கொட்ட பக்கத்துல ஒரு ஆளு இல்லையேன்னு இருந்துச்சு. ஒட்டடைக்குப் போன் போட்டா. பின்னாடி பாத்திரம் விழற சத்தம், புள்ளைங்க கூச்சல். “சொல்லுங்க மேடம்!”னு கத்தினான். “ஒண்ணுமில்ல, நாளைக்குச் சீக்கிரம் வா”ன்னுட்டு வெச்சுட்டா.

ஞாயித்துக்கிழமை வானம் மூடிக்கிட்டு இருந்துச்சு. மக வந்து இறங்கினப்போ லென்ஸம்மா செடிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு, மூக்குல துணியைக் கட்டிக்கிட்டு, லென்ஸ்ல கிளையைப் பாத்துட்டிருந்தா. அந்தப் பொண்ணு மெரண்டு போச்சு. பெட்டியை ஹால்ல வெச்ச கையோட, “யாரு மேடம்?”னு கேட்டுச்சு.

“அழ வெச்சது செடி. அதை உங்கப்பாவே சொல்லுவார். நான் வந்தது இன்னொரு ஆளைப் பத்திச் சொல்ல. இத்தனை வருஷமா அவரை அழ விடாம வெச்சிருந்த ஆளு.” லென்ஸம்மா பெரியவர் பக்கம் திரும்பினா. “ஐயா, அந்தச் செடியை நட்டது யாரு?”

“நான்தான். இந்த வீட்டுக்கு வந்த புதுசுல. அவளுக்குன்னு வாங்கி, பஸ்ல எடம் கிடைக்காம, தோள்லயே தூக்கிட்டு வந்தேன். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.”

“அப்புறம் பூத்துச்சா?”

பெரியவர் முழிச்சார். மகதான் சொல்லுச்சு. “ஒரே ஒரு தடவை. நான் சின்னப் பொண்ணு. அந்தச் சமயம் அப்பாவுக்கு சளின்னா சளி, அப்படியொரு சளி. கண்ணு ரெண்டும் வீங்கி, வேலைக்கே போகல. அதுக்கப்புறம் அம்மா அதைப் பூக்க விடவே இல்ல. ஏம்மான்னு கேட்டா, பூ வந்தா பூச்சி வரும்பா. என் பிறந்தநாள் போட்டோ எல்லாம் அந்தச் செடி முன்னாடிதான் எடுத்தது. ஒண்ணுலகூட பூவே இருக்காது.”

“அவங்க வெட்டி நீங்க பாத்திருக்கீங்களாய்யா?”

“இல்லியே. நான் வேலைக்குப் போயிருப்பேன். ரிட்டயர் ஆனப்புறமும் ஏதாவது சாமான் வாங்கிட்டு வரச் சொல்லி வெளிய அனுப்பிடுவா. சாயங்காலம் வந்தா வெட்டியிருக்கும், கூட்டிப் பெருக்கியிருக்கும், வாசல் கழுவி விட்டிருக்கும். அவளும் தலைக்குக் குளிச்சுட்டு நிப்பா.”

“பூச்சிக்குப் பயந்தா வாசலைக் கழுவணுமா? தலைக்குக் குளிக்கணுமா?” லென்ஸம்மா குரலைத் தாழ்த்திக்கிட்டா. “இப்பத்தான் பாத்தேன். ஒவ்வொரு கிளையிலயும் ஒரே ஒசரத்துல பழைய வெட்டுக்காயம். வெட்டு மேல வெட்டு, வருஷா வருஷம் முண்டு கட்டியிருக்கு. அதுக்கு மேல வளந்ததெல்லாம் அவங்க போனப்புறம் வளந்தது. கொடியைப் பின்பக்கம் கட்டினது, ஜன்னலைச் சாத்தினது, காத்து வர்ற ஜன்னலோரம் அவங்க படுத்துக்கிட்டது, எல்லாம் ஒரே காரணத்துக்குத்தான். டாக்டரம்மா நேத்து எழுதிக் குடுத்தாங்களே, அதை உங்க வீட்டுக்காரம்மா யாரும் சொல்லாமயே காலம் பூரா செஞ்சிருக்காங்க. அது பிடிவாதம் இல்லீங்கய்யா.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே?” பெரியவர் போட்டோவைப் பாத்துத்தான் கேட்டார். அப்புறம் அவரே பதிலும் சொல்லிக்கிட்டார். “சொல்லியிருந்தா அன்னிக்கே நான் பிடுங்கி எறிஞ்சிருப்பேன்.”

“நீங்க தோள்ல தூக்கிட்டு வந்ததாச்சே”ன்னா லென்ஸம்மா. “அவங்களுக்கு ரெண்டும் வேணும். செடியும் வேணும், நீங்களும் வேணும்.”

மக அப்பா பக்கத்துல போய் உக்காந்து அவர் கையைப் பிடிச்சுது. “சாவியை யார்கிட்டயும் குடுக்கலப்பா. நீங்க இங்கயே இருங்க. மொட்டு வர்ற சமயத்துல நான் லீவு போட்டு வந்து வெட்டறேன். வரலேன்னா கேளுங்க.”

வெளிய சடசடன்னு மழை பிடிச்சுக்கிச்சு. ஒட்டடை எழுந்தான். “நனைஞ்சிருக்கும்போது வெட்டினா தூள் பறக்காது, இல்ல மேடம்? கத்திரி எங்கய்யா இருக்கு?”

சமையலறைக் கதவுக்குப் பின்னாடி ஆணியில தொங்குச்சு. எண்ணெய் போட்டுத் துடைச்சு வெச்ச பெரிய கத்திரி. கூடவே மூக்குல கட்டிக்கிற துணி ஒண்ணு, நாலா மடிச்சு. ஒட்டடை ரெண்டையும் எடுத்துக்கிட்டான். “ஏணி வேணுமா?”ன்னு மக கேட்டுச்சு. “நான் எதுக்கும்மா இருக்கேன்?”னுட்டு மழையில இறங்கினான்.

லென்ஸம்மா ஜன்னல் நல்லா சாத்தியிருக்கான்னு ஒரு தடவை தள்ளிப் பாத்துட்டு வந்தா.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கத்திரிச் சத்தம் கேக்க ஆரம்பிச்சுது. சரக்… சரக்… சரக். பெரியவர் தலையைச் சாய்ச்சுக் கேட்டார். இந்த வீட்ல இத்தனை வருஷம் இருந்தும் அவர் காதுல விழாத சத்தம் அது. அவர் எங்கேயோ ஒரு லிஃப்டுக்குள்ள நின்னுக்கிட்டிருந்த பகல்ல எல்லாம், இங்க இந்தச் சத்தம் கேட்டுட்டே இருந்திருக்கு.

மொதல்ல அவர் தோள் லேசா குலுங்குச்சு. மக பதறிப் போய் மாத்திரையைத் தேடுச்சு. லென்ஸம்மா தண்ணி டம்ளரை நீட்டினா.

“ஐயா, சொட்டு மருந்து போடவா? கண்ணைக் கசக்காதீங்க…”

அவர் கசக்கல. கை ரெண்டும் மடியிலதான் இருந்துச்சு. கன்னத்துல வழியறதைத் துடைக்காம, தலையை மட்டும் ஆட்டினார்.

“வேண்டாம்மா. அரிக்கல. கொஞ்சம்கூட அரிக்கல.”